ஏழாவது இலை

கடிகாரத்துல காலை மணி ஏழு. வெளியே கும்மிருட்டு… ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடிச்சதும் எல்லாக் கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிட்டான்ல, அதான். காஜா பேராங்லேர்ந்து தெங்கேரா கடற்கரைக்குப் போற ரோட்டுல ஈ காக்கா இல்ல. சேதுராமன் மட்டும் நடக்குறாரு. கையில ஒரு சோத்துப் பொட்டலம்.

என் சிநேகிதன் பொன்னுதுரையோட பெரியப்பா அவரு. சிரிக்காதீங்க… பொன்னுதுரைதான் புளுகுவான், பெரியப்பா புளுக மாட்டாரு.

சயாம் ரயில் ரோட்டு வேலைக்கு ஆள் பிடிச்ச காலம். போனவன் திரும்பல. சேதுராமன் பேரும் பட்டியல்ல இருந்துச்சு. காஜா பேராங்லயே கம்போங் செட்டி, தலைமுறையா மலாய் பேசுற செட்டிங்க குடியிருப்பு… அங்க நடராஜன்தான் அவரை மூணு மாசமா வீட்டுல ஒளிச்சு வெச்சிருந்தாரு. சின்ன வயசுலேர்ந்து ஒண்ணா திரிஞ்சவங்க. விடியறதுக்குள்ள கடற்கரைக்குப் போ, ஒரு படகு நிக்கும், எதிர்த் தீவுல ஒளிஞ்சுக்கன்னு அவருதான் சொல்லி அனுப்பினாரு.

முந்தின நாள் போகி. அன்னிக்குச் செட்டிங்க வீட்டுல இறந்தவங்களுக்கு இலை போடுவாங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, பிடிச்சதை வெச்சு, அவங்க சாப்பிடட்டும்னு எல்லாரும் வெளியே வந்துடுவாங்க. நடராஜன் வீட்டுல எப்பவும் ஆறு இலைதான். அன்னிக்கு ஏழு. ஏழாவதுல மரவள்ளிக்கிழங்கு, கறுப்பு வெல்லம். அந்த வீட்டுல கிழங்கை வெல்லம் தொட்டுத் தின்னுறது சேதுராமன் ஒருத்தர்தான். நமக்கு வழிக்குக் கட்டித் தரத்தான் எடுத்து வெச்சிருக்கான்னு நெனச்சு, மனசு குளுந்து போச்சு அவருக்கு.

கரையில நடராஜன் சொன்ன மாதிரியே ஒரு படகு… அதுல ஒரு கிழவன். கிராம்புச் சுருட்டு வாசனை. முன்னெல்லாம் வெள்ளைக்காரத் துரைங்களுக்கு அந்தத் தீவைச் சுத்திக் காட்டுற வேலையாம்.

தீவுல இறங்கினதும் பழைய பழக்கத்துல கதை சொல்ல ஆரம்பிச்சுட்டான். இங்கேர்ந்துதான் போர்த்துகீஸ்காரன் கோட்டைக்குக் கல்லு வெட்டினான். வெட்டினவன் ஒருத்தன் இந்தப் பாறை மறைவுல ஒளிஞ்சான். சோறு கொண்டாந்தவனே காட்டிக் கொடுத்தான். இது டச்சுக்காரன் காலத்துக் கிணறு. இதுல ஒருத்தன். காட்டிக் கொடுத்தது கூடப் பொறந்தவன்…

அப்புறம் ஒரு குழி. புதுசு. ஈர மண்ணு வாசனை.

"இது ஜப்பான்காரன் காலம்"னான் கிழவன். "சேதுராமன்னு ஒருத்தன். பட்டியல்லேர்ந்து தன் மகன் பேரை எடுக்க, நடராஜன் இவனைக் கொடுத்துட்டான். வீட்டுல பிடிச்சா அவனுக்கும் ஆபத்து… அதான் இங்க அனுப்பினான். உயிரோட இருக்கையிலயே இலையும் போட்டுட்டான்."

டுக்… டுக்… டுக்… கடல்ல மோட்டார் சத்தம்.

திரும்பினா கிழவன் இல்ல. கரையில படகும் இல்ல. சேதுராமன் அந்தக் குழியிலயே படுத்து, சருகை இழுத்து மூடிக்கிட்டாரு. பூட்ஸ் சத்தம் கிட்ட வந்துச்சு… வாயைப் பொத்தி ஒரு கை. சில்லுனு, கிராம்பு வாசனையோட. அது அவரு கையில்ல.

படகைக் காணோம், ஆள் வரலன்னு நெனச்சு ஜப்பான் சிப்பாய்ங்க போயிட்டானுங்க. மறுநாள் ஒரு மீன்பிடிக்காரன் அவரை ஏத்திக்கிட்டான். ஜப்பான்காரன் சரணடையுற வரைக்கும் குருபோங் பக்கம் ரப்பர் காட்டுல கிடந்தாரு. ராத்திரி பகலா ஒண்ணே ஒண்ணுதான் மனசுல… எங்கிட்டக் கேட்டிருந்தா உன் மகனுக்குப் பதிலா நானே போயிருப்பேனேடா. அதை அவன் மூஞ்சிக்கு நேரா கேட்கணும்.

அடுத்து வந்த போகி. சாயங்காலம். கம்போங் செட்டி. நடராஜன் வீட்டு வாசல்ல எல்லாரும் நிக்கிறாங்க. மகனும் நிக்கிறான், மீசை முளைச்சு. சேதுராமன் நேரா போயி நடராஜன் முன்னால நின்னாரு.

நடராஜன் கத்தல, ஓடல. கை கூப்பிக்கிட்டு, மெதுவா மலாய்ல கேட்டாரு.

"இப்பதானே உள்ள சாப்பிட்டுட்டுப் போனே… மறுபடி ஏன் வந்தே?"

சேதுராமன் கதவைத் தள்ளினாரு. வரிசையா ஏழு இலை. ஆறுல வெச்சது வெச்சபடி. ஏழாவது… சாப்பிட்டு, ஒழுங்கா மடிச்சிருந்துச்சு. பக்கத்துல கொஞ்சம் ஈர மண்ணு.

வீடு பூராவும் கிராம்புச் சுருட்டு வாசனை.