என் இடம் இருக்கட்டும்

இந்த அகால இரவில் எழுதி அனுப்புவதற்கு முதலில் எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும். காலையில் உங்கள் முன் நின்று பேச வேண்டியவள் நான். கைக்குழந்தைக்குக் காய்ச்சல். மடியை விட்டு இறக்கினால் அழுகிறாள். எங்கள் குழுவில் மென்பொருளைச் சோதிக்கும் தம்பி, "நீங்க எழுதிக் குடுங்கக்கா, அழாம வாசிச்சிடுறேன்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். நடுவில் அவர் குரல் உடைந்தால் அவரையும் மன்னியுங்கள்.

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் இயக்குநர் ஐயா அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர்களே! அக்காவின் கணவர் அவர்களே! அப்பாவின் தோளில் சாய்ந்திருக்கும் மகளே! நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் என் சகாக்களே!

பெரியக்கா போய்விட்டார்.

பதவியால் அவர் முதன்மைத் தயாரிப்பு மேலாளர். ஆனால் வாசல் காவலர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் பெரியக்காதான். ஓய்வு பெறப் போகிற கணக்குப் பிரிவு அண்ணன்கூட அப்படித்தான் கூப்பிடுவார். "ஏண்ணே, தலை நரைச்ச உங்களுக்கு நான் அக்காவா? என் வயசை ஏத்துறதுல அவ்வளவு சந்தோஷமா?" என்று அக்கா சண்டைக்குப் போவார்.

மேலாளர் என்றோமே, அவருக்குக் கீழே எத்தனை பேர் இருந்தார்கள்? ஒருவர்கூட இல்லை! பணியாளர் பிரிவில் நடந்த பேச்சு நம் எல்லோருக்கும் தெரியும்.

"மேடம், கீழ எத்தனை பேர்னு போடணும்."

"பூஜ்யம் போடுங்க."

"பூஜ்யம் போட்டா கம்ப்யூட்டர் ஒத்துக்க மாட்டேங்குது மேடம்."

"அப்ப கம்ப்யூட்டருக்கே அந்தப் பதவியைக் குடுத்திடுங்க. நான் வேலையைப் பாக்குறேன்."

ஒரு காலத்தில் அவருக்கும் ஒரு குழு இருந்தது. நம் அலுவலகத்தில் மேலே ஏற அது ஒன்றுதான் வழி. நன்றாக வேலை செய்கிறவரை வேலையிலிருந்து எடுத்து ஆட்களை நடத்தச் சொல்வோம். அக்காவும் நடத்தினார். விடுமுறைக்குக் கையெழுத்துப் போட்டார், மதிப்பீட்டுக் கூட்டங்களில் உட்கார்ந்தார், ஏசிக்கு நடந்த சண்டையைத் தீர்த்து வைத்தார். ஒரு நாள் இயக்குநர் ஐயாவின் அறைக்குள் போய்ச் சொன்னார்: "ஐயா, ஏசி எத்தனை டிகிரியில இருக்கணும்னு யார் வேணா சொல்லுவாங்க. நம்ம செயலி ஜனங்களை ஏன் இந்தப் பாடு படுத்துதுன்னு யார் பாக்குறது? என்னை அதுக்கு விடுங்க. சம்பளத்தை மட்டும் குறைக்காதீங்க!"

ஐயா, அன்று நீங்கள் சிரித்துவிட்டு ஒரு புதுப் பாதை போட்டீர்கள். துறைத் தலைவருக்குச் சமமான நிலை, சமமான சம்பளம். கீழே ஆள் கிடையாது. யாருடைய பொறுப்பிலும் இல்லாத கடினமான சிக்கல்களே அவருக்குப் பொறுப்பு. அந்தத் தனிப்பாதையில் முதலில் நடந்தவர் அக்கா.

உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இல்லை. அப்படியிருந்தும் அவர் சொன்னதை நாம் ஏன் செய்தோம்? ஏன் செய்தோம்?

மருத்துவமனைகளுக்காக நாம் செய்த வரிசைச் செயலி நினைவிருக்கிறதா? எத்தனையாவது ஆள் என்று நோயாளியின் போனில் காட்டும். அப்படியும் காத்திருப்போர் கூடத்தில் நெரிசல் குறையவில்லை. அதைச் செய்த மூன்று குழுக்களும் 'எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு' என்று கையை விரித்தன. அக்கா மூன்று குழுத் தலைவர்களையும் கூட்டிக்கொண்டு போய், ஒரு மருத்துவமனைக் கூடத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார வைத்தார். என்னையும்தான்.

எங்களுக்கு எதிரே ஒரு பெரியவர் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா மெல்லக் கேட்டார். "என்னங்க, உங்களுக்கு முன்னால இன்னும் பதினோரு பேர் இருக்காங்களே. பாத்ரூம் போயிட்டு வாங்களேன்."

"நீ வேற ஏம்மா! போன நேரம் பேரைக் கூப்பிட்டா? கடைசிக்குத் தள்ளிடுவான். போன தடவை அப்படித்தான் ஆச்சு."

தள்ளுவது யார்? நாம்தான்! மருத்துவரின் நேரம் வீணாகக் கூடாது என்று நாம் எழுதி வைத்த விதி. அக்கா யாரையும் திட்டவில்லை. திரும்பும் வழியில் வண்டியிலேயே வாதம் தொடங்கிவிட்டது. எழுந்து போனவர் வரவே இல்லையென்றால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அக்காவின் பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "வராட்டி அடுத்தவர் உள்ள போகட்டும். வந்ததும் அவர் இடம் அவருக்கு. வரிசைன்னா உக்காந்தே கிடக்கிறதா? எழுந்து போனாலும் நமக்கு இடம் இருக்குங்கிற நம்பிக்கைதானே?"

அப்படிப் பிறந்ததுதான் செயலியில் இருக்கும் அந்தப் பச்சைப் பொத்தான்: 'என் இடம் இருக்கட்டும்.'

அக்காவின் கணவர் போனில் சொன்னார். கடைசியாக ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது அக்காவுக்கு வெளிக்காற்று வேண்டியிருந்ததாம். அவரே பொத்தானை அழுத்திவிட்டு, "வாங்க, நான் செஞ்சது வேலை செய்யுதான்னு பாத்துடலாம்" என்று எழுந்தாராம். மரத்தடியில் கொஞ்ச நேரம் இருவரும் உட்கார்ந்திருந்தார்களாம். திரும்பி வந்தபோது அவர் இடம் அப்படியே இருந்ததாம். "பாத்தீங்களா!" என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாராம்.

ஒருவழியாகத் தூங்கிவிட்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். கொஞ்சம் வேர்த்திருக்கிறது.

ஐயா, இன்று வந்த உங்கள் அறிவிப்பைப் படித்தேன். 'அவருக்குச் செலுத்தும் மரியாதையாக, முதன்மைத் தயாரிப்பு மேலாளர் என்ற பதவியில் இனி யாரும் அமர மாட்டார்கள்.' உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. அழுதுகொண்டேதான் அதை எழுதியிருப்பீர்கள். ஆனால், ஐயா, இது மரியாதையா? அக்கா திறந்த வழியை அக்காவின் பெயராலேயே அடைக்கலாமா? அவர் படத்தைச் சுவரில் மாட்டுங்கள். பாதையை மூடாதீர்கள்!

எனக்காகவும்தான் கேட்கிறேன், மறைக்கவில்லை. பிரசவ விடுப்புக்கு முன்னால் அந்தப் பாதைக்கு அக்கா என் பெயரைச் சொல்லியிருந்தார். "எனக்கு டீம் நடத்த வராதுக்கா" என்றேன். "வராதுன்னு ஏன் சொல்றே? வேணாம்னு சொல்லு. அதுல கூச்சப்பட என்ன இருக்கு?" என்றார். இன்று மாலை பணியாளர் பிரிவிலிருந்து பேசினார்கள். விடுப்பு முடிந்து திரும்பி வந்ததும் ஒரு குழுவை ஏற்க வேண்டுமாம். இல்லையென்றால் இப்போதிருக்கும் நிலையிலேயே இருந்துகொள்ள வேண்டுமாம். அந்தப் போனை வைத்ததிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. குழந்தை சுடுவதால் பயமா, இதனால் பயமா என்றுகூடத் தெரியவில்லை.

என்னைவிடத் தகுதியானவர் இருந்தால் அவருக்கே கொடுங்கள். நான் கைதட்டுவேன். ஆனால் அந்த இடம் இருக்கட்டும்!

சகாக்களே, அக்காவின் நாற்காலிக்கு மாலை போட்டுவிட்டுக் கலைந்து போகவா கூடியிருக்கிறோம்? எந்தக் கூடத்தில் யார் எழுந்திருக்கப் பயந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்ப்போம். பதவி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நான் போய் உட்காருவேன். அக்காவுக்கு நான் கொடுக்கும் வாக்கு இது.

ஐயா, நான் குழந்தைக்காகத்தான் எழுந்து வந்தேன். திரும்பி வருவேன். என் இடம் இருக்கிறதா, இல்லையா? எதுவானாலும் சரி, தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.