பூட்டில்லாத அலமாரி

2019 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். கடற்காற்றோடு மெல்லிய சாரல். ஸ்வென்போர்க் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் சிறார் மன்றத்தில் நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள், வழக்கப்படி, தம் கைபேசிகளைச் சுவரலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போனார்கள். அந்த அலமாரிக்குக் ‘கைபேசி விடுதி’ என்று பெயர். அதற்குப் பூட்டு இல்லை.

பூட்டு வேண்டும் என்று சொன்னவன் நான்தான். மன்றத்தில் கணினி, கைபேசிகளின் பாதுகாப்பு என் பொறுப்பு. அதற்கொரு திட்டம் வகுத்தேன். எங்கள் தலைவி லோனே அதைப் பிள்ளைகள் கூட்டத்தின் வாக்கெடுப்புக்கு விட்டார். பாலத்தின் உறுதியைப் பற்றி வாத்துகளிடம் கருத்துக் கேட்பது போன்ற செயல். டென்மார்க்கில் அதற்கு ஜனநாயகம் என்று பெயர்.

“பிரேபென், பூட்டைப் பாத்துக்க இன்னொரு பூட்டு வாங்குவியா?” என்றான் பன்னிரண்டு வயது எஸ்கில்.

எல்லோரும் சிரித்தார்கள். லோனேயும் சிரித்தார். “நம்பிக்கைதான் நம்ம பூட்டு, பிரேபென்.”

திட்டம் தோற்றது. நான் கோபப்படவில்லை, விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் இதை உங்கள் குறிப்பில் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். சொல்லிப் புரியாதவர்களுக்குச் செய்துகாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எஸ்கிலின் கடவுஎண்ணை அறியச் சூழ்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. “நான் பொறந்த வருஷம்தான்டா. அம்மா எப்ப வராங்கன்னு பாத்துச் சொல்லு,” என்று மேசைப்பந்து ஆடியபடியே நண்பனை நோக்கி அவனே கத்துவான். டில்டே என்ற சிறுமியை இலக்காகத் தேர்ந்தெடுத்ததும் யோசித்துத்தான். அவள் அந்தக் கோடையில்தான் ஊருக்கு வந்தவள். எஸ்கில் ஒருவனே அவளுக்குத் தோழன். விளைவு விரைவில் தெரிய வேண்டுமானால் மெல்லிய இடத்தில் அழுத்த வேண்டும்.

காப்பி இறங்குவதற்குள் எஸ்கிலின் கைபேசியிலிருந்து அவளுக்கு எழுதினேன்: “நீ வந்தாலே எல்லாருக்கும் எரிச்சலா இருக்கு. பாவம்னு சேத்துக்கிட்டோம்.” எழுதியதை அவன் பக்கத்தில் அழித்தேன், அவளுடைய பதில் அவனை எட்டாதபடி தடுத்தும் வைத்தேன். நேரில் கேட்கும் துணிவு அவளுக்கு இராது என்று கணித்தேன். சரியாகவே கணித்தேன். மன்றம் திறந்திருந்த நாள்தோறும் எழுதினேன். ஒருவரும் கவனிக்கவில்லை; அவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு மாலை அவள் படகுத்துறையின் விளிம்பிலிருந்து நீரில் இறங்கினாள். மீன்பிடிப் படகுக்காரர் ஒருவர் இழுத்துக் கரைசேர்த்தார். பிழைத்தாள், ஆனால் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிக்க நேரமாகிறது. அது என் திட்டத்தில் இல்லை. அழுதுகொண்டு லோனேயிடம் போவாள் என்றே எதிர்பார்த்தேன். வாயைத் திறந்து முறையிடத் தெரியாத பிள்ளையை வளர்த்தவன் நானல்லன்.

“நான் எழுதல” என்றான் எஸ்கில். அவள் கைபேசியில் இருந்தது அவன் பெயர். நம்பிக்கையைப் பூட்டாக வைத்திருந்தவர்களில் ஒருவர்கூட அவனை நம்பவில்லை. அவன் வேறு பள்ளிக்குப் போனான்.

பிப்ரவரியில் டில்டே திரும்பினாள். பூட்டைப் பற்றி மீண்டும் கூட்டம், மீண்டும் வாக்கெடுப்பு. இம்முறை எனக்கு ஐயமே இல்லை. கூட்டம் முடிந்ததும் அவளே என் அறைக்கு வந்தாள். கையில் பிள்ளைகள் அனைவரும் ஒப்பமிட்ட முடிவு.

“பூட்டு... வேணாம்னு முடிவு பண்ணிட்டோம், பிரேபென். பூட்டினா, யாரையுமே நம்பலன்னு... ஆயிடும். எஸ்கிலை நம்பாம விட்டதே... தப்பு. அவன் செஞ்சிருக்க... மாட்டான்.”

“அப்ப அலமாரியை யார் பாத்துக்கறது?” என்றேன்.

“நீதான். பக்கத்துலயே ஒரு நாற்காலி... போடப்போறோம். நீ மட்டும்தானே... எங்களை முன்னாடியே எச்சரிச்ச.”

தாளை நீட்டினாள். பெற்றுக்கொண்டேன். காலம் கடந்தேனும், பிள்ளைகளின் பாதுகாப்பைத் தகுந்தவரிடம் ஒப்படைக்கும் அறிவு அவர்களுக்கு வந்திருந்தது.