பாலத்துக்கு அப்பால் நான்கு மணிகள்

வீடியோ கேம் வாங்கினால் முதலில் அதனோடு வரும் சிறு புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஃப்ரீமான்ட்டில் பெரும்பாலானோர் படிப்பதில்லை. நான் படிப்பேன், அடிக்கோடும் போடுவேன். மில்பிடாஸில் எனக்குச் சிப் சோதிக்கும் வேலை; குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம். அதனால்தான் வாஞ்சிநாதன் தம்முடைய மாதச் சுற்றறிக்கையில் புது கேம்களைப் பற்றி எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். இருபது தமிழ்க் குடும்பங்களுக்கு ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிற சுற்றறிக்கை அது. இந்த ராமசுப்ரமணியன் வேண்டாம் என்று எழுதிவிட்டால், வாங்கியதைக்கூடக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

நடந்ததை எழுதித் தரும்படி அதே வாஞ்சிநாதன் இப்போது கேட்கிறார். ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

எண்பத்தெட்டு செப்டம்பரில் மூன்று கேம்கள் வாங்கினேன். 'டர்போ கேன்யன்' கார் ஓட்டுவது. வண்டி அருமை, சாலை போட்டவனுக்குத்தான் விவரம் போதாது, வளைவுகள் சொல்லாமல் கொள்ளாமல் வருகின்றன. 'கோர்ட் கிங்' டென்னிஸ். எதிராளிக்கு மூச்சே வாங்குவதில்லை, இதை நியாயமான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது 'செவன் பெல்ஸ்'. ஒரு குள்ளன் ஏழு கோபுரங்களில் ஏறி ஏழு மணிகளை அடிக்க வேண்டும். ஆடுபவர் பெயரைப் போட்டு, அவரவர் விட்ட இடத்தை, பெட்டியில் செருகும் கார்ட்ரிட்ஜே ஞாபகம் வைத்துக்கொள்ளும். உள்ளே குட்டி பேட்டரி. ஆனால் மூன்றாவது மணிக்கு அப்பால் ஒரு பாலம் இருக்கிறது. அறுபத்திரண்டு முறை முயன்றேன். அறுபத்திரண்டு முறையும் குள்ளன் சேற்றில் விழுந்தான். பாலத்தைத் தாண்டவே முடியாது, தயாரிப்புக் கோளாறு என்று எழுதினேன். ஆறு குடும்பங்கள் திருப்பிக் கொடுத்தன. ஏதோ நம்மால் ஆன உதவி.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை புல் வெட்டிவிட்டு உள்ளே வருகிறேன், என் மனைவி ஷ்யாமளா குக்கர் விசிலுக்குக் காத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். குள்ளன் ஆறாவது மணியை அடித்துக்கொண்டிருந்தான்.

"பாலத்தை எப்படித் தாண்டினே?"

"நீங்க பாதியிலேயே பட்டனை ரிலீஸ் பண்ணிடறேள். அமுக்கிண்டே இருந்தாத் தாண்டிடறது. புக்லயே இருக்கே, நீங்கதானே அண்டர்லைன் பண்ணியிருக்கேள்?"

கேலியாகச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். அவள் பிரியமாகச் சொன்னாள்.

"அடுத்த சனிக்கிழமை விஜயதசமிக்கு எல்லாரும் நம்மாத்துக்குத்தானே வரா? அவா முன்னாடி ஏழாவதை அடிச்சுக் காட்டறேன்."

எல்லாரும் என்றால் அந்த ஆறு குடும்பங்களும்தான். என் வார்த்தைக்கு இருந்த மதிப்பு ஒரே மாலையில் சேற்றில் விழும்.

பஞ்சாங்கப்படி சரஸ்வதி பூஜை புதன்கிழமை. புத்தகங்களோடு அந்த கேம் பெட்டியையும் அம்பாள் படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பட்டுத் துண்டு போர்த்தினேன். ஞாயிற்றுக்கிழமையே வைத்துவிட்டது கொஞ்சம் முன்கூட்டித்தான், ஒப்புக்கொள்கிறேன். பண்டிகை எந்தக் கிழமை வந்தாலும் இங்கே சனிக்கிழமைதான் கொண்டாட்டம், ஆகவே எடுப்பதும் சனிக்கிழமை. பூஜையில் வைத்ததைத் தொடக் கூடாது. ஷ்யாமளா பக்தி உள்ளவள், ஏழு நாளும் அந்தப் பக்கம் கை நீட்டவில்லை.

சனிக்கிழமை காலை அவள் குளிக்கப் போனாள். நான் கற்பூரம் காட்டிப் பெட்டியை எடுத்து டிவியில் இணைத்தேன். அவள் பெயரில் இருந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். அழித்துவிடலாமா என்று அது இரண்டு முறை கேட்டது. மரியாதை தெரிந்த இயந்திரம். இரண்டு முறையும் ஆம் என்றேன். விஜயதசமியன்று எதையும் முதலிலிருந்து தொடங்குவதுதானே முறை? எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்கூட அன்றைக்கு 'அ' போட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள்.

மாலையில் வீடு நிறைய ஜனம். ஷ்யாமளா புதுப்புடவையில் வந்து சுவிட்சைப் போட்டாள். அவள் பெயரே அங்கு இல்லை.

"பேட்டரி போயிடுத்தோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"நான்தான் எழுதினேனே," என்றேன் கூட்டத்தைப் பார்த்து. "தயாரிப்புக் கோளாறு."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் கண் கலங்கிச் சுண்டல் எடுத்துவர எழுந்து போனாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. வாஞ்சிநாதன் மட்டும் டிவிக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

"பேட்டரி போச்சுன்னா உங்க பேரும் மூணு மணியும் மட்டும் எப்படி சார் அப்படியே இருக்கு?"

விஜயதசமி முறையை அவருக்கு எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவதுதான் முறை என்றால் என்னுடையதை மட்டும் ஏன் விட்டுவைத்தேன் என்பது அவருடைய கடைசிக் கேள்வி. இதற்கு விளக்கம் வேறு வேண்டுமா? அந்த மூன்று மணிகளை அடிக்க எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. ஒருவர் அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததை அழிக்க, மனசாட்சி உள்ளவனுக்குக் கை வருமா?