பட்டியலில் இல்லாத எண்

மாலை ஆறு நாற்பது. கரியாலூரைத் தாண்டி மேலே ஏறும் ஒற்றைப் பாதை. மழை விட்டுப் பனி இறங்கிக்கொண்டிருந்தது... எதிரே ஒரு வண்டிகூட இல்லை.

ஜீப்பை ஓட்டியவர் என் தோழி அப்சானாவின் சாச்சா, அதாவது சித்தப்பா, சர்புதீன்; இதை எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான். பக்கத்தில், மடியில் லேப்டாப்போடு இலக்கியா. இருபது நாளைக்கு முன்பு அவள் கணவன் இளமாறன் இதே பாதையில்தான் போனான், செல்போன் டவர் பழுது பார்க்க. டவரடியில் இருக்கும் கருவி அறையின் இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. ஜெனரேட்டர் புகை உள்ளே இறங்கியது. டவரே செத்துக் கிடந்ததால் போனிலும் அவனால் யாரையும் கூப்பிட முடியவில்லை. மறுநாள் பிணமாகத்தான் வெளியே எடுத்தார்கள்.

குடித்துவிட்டுத் தூங்கியிருக்கிறான் என்றது கம்பெனி அறிக்கை. உள்ளிருந்து உதவி கேட்டு எந்த அறிவிப்பும் வரவில்லை என்றது.

பொய். அன்று கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் கண்காணிப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளே இலக்கியாதான்.

மலைமேல் இருக்கும் கருவிப் பெட்டிக்கு அலுவலகம் வரை தனிக் கேபிள்; டவர் செத்தாலும் அது, கணினி கேட்கும்போதும் சரி, ஏதாவது நடந்தாலும் சரி, எண்களைத்தான் அனுப்பும். வெறும் எண்கள். எது கதவு, எது சூடு என்று பெயர் சொல்வது அலுவலகத்தில் இருக்கும் ஒரு பட்டியல். மிப் என்பார்கள். அதில் ஒரு வரி, அறைக்குள் இருந்த அவசர பட்டனுக்கு. அறையைக் கூட்டப் போகிறவர்கள் அதில் பையை மாட்டிவிடுவார்கள், திரை கத்தும். எரிச்சலில் மேலாளர் தனசேகரன் அந்த வரியையே அழித்துவிட்டார்.

அன்று திரையின் ஓரத்தில் பெயரில்லாமல், புள்ளி புள்ளியாக நீண்ட ஓர் எண் வந்தது. மறுபடியும் வந்தது... மறுபடியும். என்ன சார் இது என்று கேட்டாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது குப்பைம்மா. வுட்டுட்டு வேலைய பாரு."

விட்டாள். அதை நினைக்கும்போது அவளுக்கு அழுகை வருவதில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைதான் வலித்தது. கோபத்தில் பாதி அவர்மேல். மீதி தன்மேல்.

விடிந்தால் அந்தக் கருவிப் பெட்டியைக் கழற்றப் போகிறார்கள். அதற்குள் அந்தப் பட்டன் எத்தனை முறை அழுத்தப்பட்டது என்று பார்த்துவிட வேண்டும்.

சர்புதீன் கதவுக்குக் கல்லை முட்டுக்கொடுத்தார். உள்ளே டீசல் நாற்றம்... ஈரச் சிமெண்ட்... விசிறி மட்டும் விர்ரென்று. பட்டன் இருந்த இடத்தில் ஓட்டை. அறுபட்ட ஒயர் இரண்டு. பட்டனையே பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள்.

லேப்டாப்பைச் செருகினாள். அதிலிருந்த பட்டியல் நகலில், அழித்த வரியைத் தன் கையாலேயே எழுதினாள். பெட்டியைக் கேட்டாள்.

அவசர பட்டன்: 212.

இருநூற்றுப் பன்னிரண்டு தடவை... படம் எடுத்தாள். மறுபடி கேட்டாள்.

213.

சர்புதீன் ஒயரையே பார்த்தார். "வாம்மா, போயிடலாம். எனக்கு சரியா படல."

அவள் தனசேகரனுக்குப் போன் போட்டாள். அலுவலகத்தில், தன் நாற்காலியில்தான் இருந்தார்.

"பட்டன் இன்னா சார் ஆச்சு?"

"எந்த பட்டன்? அங்க பட்டனே கெடையாதுன்னு எழுதி குடுத்தாச்சு. இருட்டிக்கினு வருது, எறங்கி வா."

இந்த இடம் வந்ததும் சர்புதீன் சாச்சா கொஞ்சம் நிறுத்துவார்... போனில் அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டதாம். டொக்... டொக்... மரத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி. ஒவ்வொரு டொக்குக்கும் லேப்டாப்பில் எண் ஏறியது. 214. 215. 216.

"உங்க மேச டிராயர்ல இன்னா சார் சத்தம்?"

டிராயர் இழுபட்டது. பிறகு மூச்சு மட்டும்.

திரையில் இன்னொரு வரி மாறியது. கதவு: மூடப்பட்டது. இலக்கியா திரும்பிப் பார்த்தாள். கல் அப்படியே இருந்தது. கதவு விரியத் திறந்து, ஜீப் வெளிச்சம் உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

போனில் இரும்பைக் கையால் அறையும் சத்தம். இருமல்.

"இலக்கியா... கதவு தெறக்க மாட்டேங்குது... புகையா வருது... யாரையாச்சும் அனுப்பும்மா..."

அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். 240. 241. இருமல் மெலிந்துகொண்டே போனது. லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

ஜீப் பாதி மலை இறங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தனசேகரன் உட்காரும் இடத்துக்குக் கதவே கிடையாது. இடுப்பளவுக்கு ஒரு பலகைத் தடுப்பு... அவ்வளவுதான்.