மூன்று மாடிக்கும் ஒரே குரல்

பள்ளிவாசல் மைக்கை யாரோ விரலால் தட்டும் ஓசை கேட்டால், எங்கே இருந்தாலும் நான் சிறு பிள்ளையாகிவிடுவேன். நேற்று அஸர் என்ற மாலைத் தொழுகை நேரம், பள்ளியடியில் ஆள் ஏற்ற நின்ற கல்முனை பஸ்ஸுக்குள் அது கேட்டது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள், தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்லும் அந்தப் பள்ளி மோதினாரின் மகள்.

“இனி மூண்டு பேர் பாங்கு சொல்லுவாங்க, கேளு,” என்றாள் மூத்தவள்.

“நக்கலடிக்காதீங்க மச்சி. மாடிக்கொரு கம்பியூட்டர் தன்ட தன்ட மணிக்கூட்டப் பாத்து ஸ்பீக்கருக்குக் குரல விடுகுது. மணிக்கூடு மூண்டும் வேற வேற. அதான் வாப்பாட குரல் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வந்துச்சு. வெக்கத்தில அவர் இழுத்துச் சொல்றதயே விட்டுட்டார். இப்ப நான் சரிபண்ணிட்டன். இதுதான் முதல் பாங்கு.”

“புதுக் கேபிள் போட்டயா?”

“இல்ல, அதே பழைய நெட்வேர்க் கேபிள்தான். மேல்மாடி ரெண்டும் கீழ்மாடிட்ட நேரம் கேக்கும். கேள்வி போய்ப் பதில் வர எவ்வளவு சுணங்குதெண்டு அளந்து, வந்த நேரத்தோட அதில பாதியக் கூட்டித் தன்ட மணிக்கூட்டத் திருத்தும். ஓயாமக் கேட்டுட்டே இருக்கும்.”

“உன்னப் போலதான்.”

பாங்கு எழுந்தது. இருவரும் முக்காட்டை இழுத்துவிட்டு வாய்மூடினார்கள். ஒரே குரல். முதலில் தயங்கி, பிறகு தன்னை நம்பி, கடல்வரைக்கும் நீண்டது. மகளின் விரல்கள் முன்கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. முடிந்த பிறகே அவள் இறங்க எழுந்தாள். மூத்தவள் சொன்னாள்:

“வாப்பாட்ட சொல்லு புள்ள, இண்டைக்கு ஒராள்தான் பாங்கு சொன்னாரெண்டு.”