முட்டைத் தட்டில் அந்தோனியார்

மறிச்சுக்கட்டியை விட்டு நடந்துகொண்டிருந்தேன். குளம் திருத்தும் இடத்தில் மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் பழுது, அது ஓடும்வரை ஆள் வேண்டாம் என்று முந்தைய நாளே அனுப்பிவிட்டார்கள்; அங்கே வேறு வேலையும் கிடைக்கவில்லை. வழியில் மன்னார் பஸ் வந்தது, ஏறினேன். முன் சீட்டில் கையெல்லாம் எண்ணெயோடு ஒரு மெக்கானிக், பக்கத்தில் அவன் கூட்டாளி.

“அந்தோனியாரைச் சூசையப்பரின்ர குழிக்குள்ள விட்டிருந்தா பெக்கோ செத்திருக்கும், மச்சான்.”

“என்னடா அலட்டுறாய்?”

“மோட்டருக்குள்ள இருக்கிற பிஸ்டனைச் சொல்லுறன். ஒவ்வொண்டும் தன்ர குழியோட தேஞ்சு பழகினது. மாத்திப் பூட்டினா உரசிப்போடும்.”

“அடையாளம் கீறி விடுறதுதானே?”

“கீறினா அதுவே பழுது. பேனையால எழுதினா எண்ணெயில அழிஞ்சுபோம். அதுதான் கழட்டக் கழட்ட முட்டைத் தட்டில, கோயில்ல சொல்லுற மன்றாட்டுமாலையில வாற வரிசைக்குப் புனிதர்மாரின்ர பேரைச் சொல்லி அடுக்கினனான். பூட்டேக்கையும் அதே வரிசை.”

“முதலாளி சிரிச்சிருப்பாரே.”

“சிரிச்சவர். இண்டைக்கு ஓடாட்டி வேற ஆளைப் பிடிப்பன் எண்டும் சொன்னவர். பெக்கோ குளத்துக்குள்ள இறங்கினவுடன, முட்டைத் தட்டைத் தானே துடைச்சுத் தந்தவர்!”

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டரும் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் விடிய மறிச்சுக்கட்டிக்குத் திரும்பிப் போனேன். அந்தப் பெக்கோ வெட்டிப்போட்ட மண்ணைக் குளக்கட்டில் பரப்பும் வேலை கிடைத்தது.