எல்லையை ஒட்டி எடுத்த பள்ளம்

எங்கள் வீட்டுக் கிழக்கு ஜன்னலில் காலை ஏழு மணிக்கெல்லாம் வெயில் வந்துவிடும் சார். என் மனைவி சவரியம்மாள் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடமாகிறது. ரோடு, பால்காரர், பண்ருட்டி பஸ் எல்லாம் அவளுக்கு அந்த ஜன்னல்தான்.

நானும் மதிவாணனும் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம் ஒரே ஷிப்ட். ரிடையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே என்று முத்தாண்டிக்குப்பம் போகிற வழியில் பக்கத்துப் பக்கத்து மனை வாங்கினோம். ஆளுக்கு ஐந்தடி விட்டுக் கட்டுவதென்று பேச்சு. நான் விட்டேன். அவன் இந்த வருடம் எல்லைக்கல்லை ஒட்டியே மாடி வீட்டுச் சுவருக்கு நூல் கட்டி அளவு பிடித்தான். அந்தச் சுவர் எழும்பினால் எங்கள் கிழக்கு ஜன்னல் அடைந்துபோகும்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் மனு கொடுத்தேன். அங்கே கோப்பைத் திருப்பிக் காட்டினார்கள். அவன் எல்லையை ஒட்டிக் கட்ட எனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம், கீழே செல்வநாதன் என்று கையெழுத்து. என் கையெழுத்தேதான். கரண்ட் இணைப்புக்கு வேண்டும் என்று அவன் கேட்டபோது வெறும் தாளில் போட்டுக் கொடுத்தது. ஷிப்டில் ஒருவருக்கொருவர் அப்படிக் கொடுப்பது எங்களுக்கு வழக்கம். சுவரையாவது பொறுத்திருப்பேன். அந்தத் தாளைப் பொறுக்க முடியவில்லை.

நேரில் போய்க் கேட்டேன்.

"படுத்துக்கினு இருக்கறவங்கதானண்ணே, ரூமை மாத்திப் போட்டா போச்சு" என்றான்.

அதன்பிறகு மூன்று மாதம் பேச்சில்லை.

முதலில் தண்ணீர்த் தொட்டிக்குப் பள்ளம் எடுத்தான். பத்தடி ஆழம், எல்லையை ஒட்டி, மண் சரியாமலிருக்கப் பக்கத்துக்குப் பலகை முட்டுக்கூடக் கொடுக்கவில்லை. நான் என் ஐந்தடி இடத்தில் இரண்டு வாழைக்கன்று வைத்திருக்கிறேன். நாலு நாள் மோட்டார் தண்ணீரை அங்கே திருப்பிவிட்டேன். என் இடத்தில் என் தண்ணீரை விட எனக்கு உரிமை உண்டு, விசாரித்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேலையாட்கள் வரவில்லை. காலை எட்டு மணிக்கு அவன் மட்டும் டேப்போடு வந்து ஏணியருகில் நின்றான். நான் என் பக்கத்தில் வாழைக்கன்று அருகே நின்றிருந்தேன். சுரங்கத்தில், வெட்டிய மண்ணுக்குக் கீழே இறங்குகிறவன் மேலே நிற்பவனைக் கேட்காமல் இறங்கமாட்டான். மேலே நிற்பவன் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் இருவரில் மேலே நிற்பது எப்போதும் நான்தான். அந்தப் பழக்கம் அவனை விடவில்லை போலிருக்கிறது.

"அண்ணே, மேல பாத்துக்கினீங்களா? எறங்கலாங்களா?"

பார்த்தேன். என் காலடியில் செம்மண் இரண்டு விரல் அகலத்துக்குப் பிளந்திருந்தது.

"எறங்கு" என்றேன்.

அவன் அளக்கக் குனிந்தபோது சரிந்தது. பெரிய சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது, விரல்கள் அசைந்தன. மண்வெட்டி என் வாசலில்தான் இருந்தது. ஆனால் அது அவன் மனை. நான் உள்ளே போய் சவரியம்மாளுக்குக் கஞ்சி கொடுத்தேன். அவள் மெதுவாகத்தான் சாப்பிடுவாள். முடித்து வாய் துடைத்துவிட்டு உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன்.

விபத்து என்று எழுத வேண்டாம் சார். வெடிப்பைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கச் சொன்னேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: இவ்வளவு நடந்தும், அவனுடைய எல்லைக்குள் நான் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.